வெட்டு என்றால் எந்த வெட்டு?

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று யாராவது உங்களிடம் சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த எல்லாரும் யார் என்று கேளுங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். காப்புரிமை முகவராக நான் இருந்த காலமெல்லாம் எனக்குச் சோறு போட்டது இந்தக் கேள்விதான். ஓய்வு பெற்றுச் சுங்கை பட்டாணியில் வீட்டோடு இருக்கிற இந்த நாளிலும், மீன் கடையில் "இன்னைக்கு வந்த மீன் அக்கா, எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் பெரியவர்கள் பலர் "கட்சிக்காரரை நம்புங்கள்" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பெண்டாங்கிலிருந்து ஒருவர் வைக்கோல் வெட்டும் இயந்திரத்தோடு என்னிடம் வந்தார். முழுக்க முழுக்கத் தன் மூளையில் உதித்தது என்று சத்தியம் செய்தார். சாயம் புதிதாகப் பளபளத்தது. பக்கத் தகட்டில் மட்டும் நாலு மூலையிலும் ஆணித் துளைகள். பெயர்த் தகட்டைக் கழற்றியவருக்குத் துளையை அடைக்கத் தோன்றவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, சாயம் அடிக்கத் தெரிந்த அளவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லையே என்ற வருத்தம்தான்.

ஆகவே, மெர்போக் பக்கம் பட்டறை வைத்திருந்த குணா என்னிடம் வந்தபோதும் நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான்.

குணா செய்திருந்தது ரப்பர் கட்டி வெட்டும் இயந்திரம். தொழிற்சாலைகளுக்குப் பச்சை ரப்பர் பெரிய கட்டிகளாக வரும். அதைத் துண்டு போட வேண்டும். மேலிருந்து இறங்கும் கத்தி பாதியில் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதைக் கையால் பிய்க்கப் போய்த்தான் விரல் போகும். குணாவின் கத்தி உள்ளே கூடாக இருந்தது. அதன் இரண்டு கன்னத்திலும் மெல்லிய கோடுகள் வழியே உள்ளிருந்து சோப்புத் தண்ணீர் கசியும். ரப்பர் ஒட்டாது, கையை விடவும் தேவையில்லை. அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். ஒரு பெரிய தொழிற்சாலை அவரிடம் ஓர் இயந்திரத்தை வாங்கியது. கொஞ்ச காலத்தில் அதே மாதிரி இயந்திரங்கள் அவர்களுடைய மற்ற கிளைகளிலும் ஓட ஆரம்பித்தன. ஆனால் குணாவிடம் இரண்டாவது ஆர்டர் வரவில்லை.

வழக்குப் போட்டோம். "நாங்கள் நகல் எடுக்கவில்லை" என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் காப்புரிமையே செல்லாது என்றார்கள். உங்களுக்குத் தெரியும், ஒரு கண்டுபிடிப்பு புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அந்த வேலை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாகவும் இருக்க வேண்டும். "கத்தியில் ரப்பர் ஒட்டாமலிருக்கச் சோப்புத் தண்ணீர் தொடுவது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. இவர் அதற்கு ஒரு குழாய் வைத்தார், அவ்வளவுதான்" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒருவர் செய்து முடித்த பிறகு பார்க்கிற யாருக்கும் அது சுலபமாகத்தான் தோன்றும். நம் தொழிலின் தலைவலியே அதுதான்.

குணாவின் பட்டறை அந்த ஒரே இயந்திரத்தை நம்பி நின்றது. காப்புரிமை போனால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம், அவரைவிடப் பெரியவர்கள் அவரைவிட மலிவாகச் செய்வார்கள். பட்டறையை மூடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

இந்த நிலையில் எதிர்த்தரப்பின் சாட்சி வாக்குமூலம் வந்தது. "எல்லாருக்கும் தெரியும்" என்பதை நிரூபிக்க அவர்கள் கொண்டுவந்த சாட்சி ஒரே ஒருவர். செர்டாங்கில் இருக்கும் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி. பெயரைப் பார்த்ததும் குணாவுக்கு முகம் செத்துவிட்டது.

"அக்கா, இது எங்க பெரியப்பா."

அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். குணாவின் அப்பா இறந்த பிறகு, டவுனில் இருந்த இவரைத் தோட்டத்திலிருந்தே பணம் அனுப்பி ஆளாக்கியவர். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நான் ரப்பர் வெட்டுவதற்குப் போகும்போது கத்தியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பேன், இல்லாவிட்டால் ரப்பர் கத்தியில் ஒட்டும்" என்று அதில் இருந்தது. தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்றும் இருந்தது.

எனக்கு வந்த முதல் சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். யோசனை பெரியப்பாவுடையதோ? இவர் சின்ன வயதில் அங்கே பார்த்ததை எடுத்துக்கொண்டு வந்து தன் பெயரில் பதிந்துவிட்டாரோ? பட்டறைக்கே போய், நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? நீங்க எந்தப் பக்கம் லா?"

"உங்க பக்கம்தான். அதான் நானே கேக்குறேன். அவங்க கேக்குறதுக்கு முன்னாடி."

"நான் டவுன்ல வளந்தவன்க்கா. லீவுக்குத் தோட்டத்துக்குப் போவேன், மீன் புடிப்பேன், வருவேன். அவர் வேல பாத்தத நான் பாத்ததே இல்ல."

"என்ன வேலை பார்த்தார்?"

"தோட்ட வேலதான். எல்லா வேலையும் பாத்திருப்பாரு. ரப்பர் பதப்படுத்துற ஸ்டோர்லயும் இருந்தார்னு நெனைக்கிறேன். அப்பா இருந்தா கேக்கலாம்."

நினைக்கிறேன் என்பதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. குணா கண் கலங்கியபடி ஒரு பழைய கத்தியைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார்: "காசு வாங்கிட்டாருக்கா. வீட்டுக்கு முன்னாடி புதுக் கூரை போட்டிருக்காரு. யாரு போட்டுக் குடுத்தா?"

எதிர்த்தரப்புச் சாட்சி என்பதால், வழக்கு முடியும்வரை அவரோடு பேச்சு வேண்டாம் என்று குணாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை பேசினாலும் சாட்சியைக் கலைத்தார் என்று திருப்புவார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், நீங்களும் உங்கள் கட்சிக்காரரிடம் அதையேதான் சொல்ல வேண்டும். குணா சரி என்றார். அவர் அதை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் இருப்பவனுக்குப் பேசாதே என்று ஒரு சட்டம் கிடைப்பது மிகவும் வசதி.

எங்கள் வழக்கறிஞர் பினாங்கைச் சேர்ந்த சீனர், கெட்டிக்காரர். கூரையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. குறுக்கு விசாரணையில் கூரையிலிருந்து ஆரம்பித்து, தொழிற்சாலை ஆட்கள் வந்துபோனதற்கு நகர்ந்து, இந்தச் சாட்சி விலை போனவர் என்று முடிப்பதாகத் திட்டம். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த வாக்குமூலத்தை எடுக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று பல்லிடுக்கில் நார் மாட்டியது போல உறுத்திக்கொண்டே இருந்தது. விலை போனவர் சொல்கிற பொய் என்றால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்காதா? தொழிற்சாலை, கட்டி, கத்தியின் கன்னம் என்று எதுவுமே இல்லை. ரப்பர் வெட்டுவதற்குப் போகும்போது, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய சாட்சி இத்தனை மொட்டையாகப் பேச மாட்டார்.

விசாரணை நாள் காலை. நீதிமன்ற நடைக்கூடத்தில் நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முடியில் எண்ணெய் தடவி, எதிர்த்தரப்பின் இளம் வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த இளைஞரும் தமிழர்தான், கோலாலம்பூர்க்காரர். செர்டாங்குக்குப் போய் வாக்குமூலம் எழுதி வாங்கி வந்தவர் அவரே. பெரியப்பா குணாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். குணா கைப்பேசியைப் பார்த்தார்.

குளிர்சாதனம் பலமாக இருந்தது. பெரியப்பா கையைத் தேய்த்துக்கொண்டு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"என்னா குளிரு தம்பி! வெட்டுக்குப் போன காலத்துல விடியக்காத்தாலகூட இப்படிக் குளிரல."

கையிலிருந்த வாக்குமூலத்தை மறுபடி பிரித்தேன்.

வெட்டுக்குப் போவது. நான் மெர்போக் பக்கத்தில் பிறந்தவள். என் அம்மா வாழ்நாளெல்லாம் வெட்டுக்குப் போனவர். தோட்டத்தில் வெட்டு என்றால் ஒரே வெட்டுதான், பால்மரம் சீவுவது, அதாவது பால் வடிய ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவுவது. கட்டியைத் துண்டு போடுவதை யாரும் வெட்டுக்குப் போவது என்று சொல்வதில்லை. இந்த மனிதர் மரம் சீவுகிற சின்னக் கத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பட்டணத்து இளைஞர் அதைத் தனக்குத் தெரிந்த வெட்டாக எழுதிக்கொண்டார். திரும்ப வாசித்துக் காட்டும்போதும் "ரப்பர் வெட்டுக்குப் போறப்ப" என்றுதான் வாசித்திருப்பார். பெரியவரும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். ஆங்கிலத்தில் இருந்த அந்த "போகும்போது"தான் இத்தனை நாளும் என் பல்லிடுக்கில் இருந்திருக்கிறது.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியதே தவிர, நிச்சயம் இல்லை. அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் வழக்கறிஞரின் அங்கியைப் பிடித்து இழுத்து, கூரையை விடுங்கள், அந்தக் கத்தியால் எதை வெட்டினார் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்பது நமக்கெல்லாம் முதலில் சொல்லித் தருவது. ஸ்டோரில் கட்டிதான் வெட்டினேன் என்று பெரியவர் சொல்லிவிட்டால், மொட்டையாக இருந்த வாக்குமூலத்துக்குக் கைகால் முளைக்க வைத்தது நாங்களே என்றாகிவிடும். குணா கதை அத்தோடு முடிந்தது. பின் வரிசையிலிருந்து குணா வேறு கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்: "கூரையக் கேக்கச் சொல்லுங்கக்கா. கூரைய!"

உங்களில் பலர் கேட்பீர்கள், எந்தத் தைரியத்தில் அதைச் சொன்னீர்கள் என்று. தைரியமெல்லாம் இல்லை. இரண்டு சந்தேகங்கள் முன்னால் நின்றன. ஒன்று, இந்த மனிதர் விலை போனார். மற்றது, இந்தச் சொல் தவறிப்போனது. முதலாவதற்கு ஆதாரம் ஒரு கூரை. இரண்டாவதற்கு ஆதாரம் என் காதில் விழுந்த அவருடைய பேச்சு. கூரையை நான் பார்க்கவில்லை, பேச்சை நான் கேட்டேன். வழக்கறிஞரிடம் மறுபடியும் "கேளுங்கள்" என்றேன்.

வழக்கறிஞர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "ஐயா, அந்தக் கத்தியால எத வெட்டுனீங்க?"

"மரந்தான்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் எல்லார் முகத்திலும் குழப்பம். சோப்புத் தண்ணீரில் முக்கிய கத்தியால் மரத்தை வெட்டிச் சாய்த்தாரா என்று எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞரே திரும்பித் தன் இளையவரைப் பார்த்தார்.

"எந்த மரம்?"

"பால்மரம் தம்பி. வேற எத வெட்டுறது? நான் வெட்டுக்காரன்." மொழிபெயர்ப்பாளர் தயங்குவதைப் பார்த்து, பெரியப்பா சாட்சிக் கூண்டிலேயே கொஞ்சம் குனிந்து, இல்லாத மரத்தின் பட்டையில் இல்லாத கத்தியை வைத்துச் சாய்வாக இழுத்துக் காட்டினார். "இப்பிடி. ஒட்டுப்பால் கத்தில படியும். அதுக்குத்தான் டப்பால சோப்புத் தண்ணி."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். மலாய்க்காரர், இந்தக் கெடா மாநிலத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. "நோரே?" என்றார். மலாயில் மரம் சீவுவதற்கு அந்தச் சொல்தான், தோட்டத்தில் அதற்கு வேறு பொருள் கிடையாது.

பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "யா துவான்! நோரே கெத்தா!" ஆமாம் ஐயா, ரப்பர் சீவுவதேதான் என்று மலாயிலேயே சொன்னார்.

நான் வழக்கறிஞரின் அங்கியை மறுபடி இழுத்தேன். இந்த முறை உட்காரச் சொல்லி. அவருக்கு இன்னும் நாலு கேள்வி கேட்க ஆசை. அந்த ஆசை வரும்போது உட்காருங்கள், புண்ணியமாகப் போகும்.

எதிர்த்தரப்பு எழுந்தது. சரி, ஆனால் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் கட்டிகளை வெட்டியதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே என்றார் மூத்த வழக்கறிஞர்.

"கட்டியா? லாரில ஏத்திட்டுப் போறப்ப பாத்திருக்கேன்."

எல்லாருக்கும் தெரியும் என்றார்கள். அந்த எல்லாரிலிருந்தும் வந்தவர் ஒரே ஒருவர். அவருக்கும் தெரியாது. தீர்ப்பு பிறகு வந்தது, காப்புரிமை நின்றது, பட்டறையும் நின்றது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தீர்ப்பு என்ன என்றே யோசித்துக்கொண்டு மீதியைக் கேட்காமல் விட்டுவிடுவீர்கள்.

அந்த இளம் வழக்கறிஞர் தெரிந்தே செய்தாரா, தெரியாமல் செய்தாரா? வெட்டு என்றதும் அவருக்கு இறைச்சிக் கடைதான் நினைவுக்கு வந்திருக்கும், பாவம் என்று சில நாள் தோன்றுகிறது. தனக்கு வசதியான அர்த்தம் கிடைத்ததும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் காரில் ஏறிவிட்டார் என்று சில நாள் தோன்றுகிறது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யும் அவசரமும் இல்லை.

கூண்டிலிருந்து இறங்கிய பெரியப்பா வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார். நேரே குணாவிடம் வந்து தோளில் கை வைத்தார்.

"முடிஞ்சிச்சா தம்பி? நல்லபடியா சொன்னேனா? அந்த லாயர் தம்பி வீட்டுக்கு வந்து, உங்க தம்பி மகன் மெஷின் கேஸு, ஒரு சாட்சி வேணும்னு சொன்னிச்சு. ஒனக்குத்தானேன்னு ஒடனே சரின்னுட்டேன். நீ என்னடான்னா தீவாளிக்கும் வரல, போனும் எடுக்கல. கேஸு டென்ஷன்னு நெனச்சேன்."

குணா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் குறுக்கே புகுந்து, நீங்கள் வந்தது எதிர்த்தரப்புக்கு, அதனால் பேசக் கூடாது என்று நான்தான் சொன்னேன், சட்டம் அப்படி என்றேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாக அவருக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது; உள்ளே குணா கூரை, கூரை என்று சொன்னதற்கும் இப்போதுதான் அவருக்குப் பொருள் விளங்கியிருக்க வேண்டும். தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"பேசாதன்னு இந்த அம்மா சொன்னாங்க, சரி. நான் அவனுங்ககிட்ட வெல போயிட்டேன்னு நெனைக்கச் சொன்னதும் இவங்கதானா?"

குணா அழுதார். அந்த நடைக்கூடத்தில் எல்லாரும் பார்க்க, பட்டறை முதலாளி என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார். "வாங்க பெரியப்பா, நான் கெரேத்தால கொண்டுபோய் விடுறேன்" என்று வெளியே நின்ற தன் காரைக் காட்டிக் கையைப் பிடித்தார். பெரியவர் கோபப்படவில்லை, கையை உதறவும் இல்லை, மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"கூட்டிட்டு வந்தவங்க கொண்டுபோய் விடுவாங்க. நீ வேலையப் பாரு."

வெளியே போய் எதிர்த்தரப்பின் காரில் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் அந்த இளம் வழக்கறிஞர் யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார். கார் சாலையில் திரும்பி மறையும்வரை குணா படியிலேயே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, அவருடைய சாட்சியம் முடிந்துவிட்டது, இனிமேல் தடை எதுவும் இல்லை, நீங்கள் தாராளமாகப் பேசலாம் என்றேன்.

"இப்ப என்னத்தக்கா பேசுறது?" என்றார் குணா.